மேடை மேல் ஆள் வேண்டும்

நிதி திரட்டுவது என் தொழில். ஹூஸ்டனில் இருந்துகொண்டு சிறிய தொண்டு அமைப்புகளுக்காக அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் எழுதுகிறேன், பணம் தரக்கூடியவர்களை நேரில் போய்ப் பார்க்கிறேன், தந்த பணம் எப்படிச் செலவானது என்று கணக்கு எழுதி அனுப்புகிறேன். இலவச மருத்துவ முகாம், முதியோருக்கு மதிய உணவு, பள்ளி நூலகம் என்று எத்தனையோ காரியங்களுக்குக் கேட்டாயிற்று. கேட்டதிலேயே கடினமானது எது என்றால், கால்வெஸ்டன் கடற்கரையின் உயிர்காப்பாளர்களுக்காகக் கேட்டதுதான். 2008 செப்டம்பரில் ஐக் புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. அடுத்த கோடையில் காவல் மேடைகளில் ஆள் உட்கார வேண்டும் என்று நாங்கள் சிலர் சேர்ந்து அலைந்தோம்.

புயலுக்குப் பிறகு பணம் கேட்பதில் என்ன கஷ்டம், ஜனங்கள் அள்ளிக் கொடுப்பார்களே என்று தோன்றலாம். கொடுப்பார்கள், கண்ணால் பார்த்த சேதத்துக்கு. கூரை பறந்த வீடு, தெருவில் கிடக்கும் படகு, நனைந்த மெத்தையைச் சுமந்து வரும் கிழவர், தொலைக்காட்சியில் வந்த இவற்றுக்கெல்லாம் பணம் வரும். நடக்காமல் தடுக்கப்படுகிற ஒன்றுக்கு, அதாவது ஒரு பிள்ளை தண்ணீரில் போகாமல் சாயங்காலம் வீடு திரும்புவதற்குப் பணம் கேட்பது வேறு வேலை. அதை யாரும் படம் எடுத்துக் காட்ட முடியாது.

கால்வெஸ்டன் ஹூஸ்டனிலிருந்து 80 கிலோமீட்டர். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி நீளமாகவும் ஒல்லியாகவும் கிடக்கும் மணல் தீவு. 1900 செப்டம்பர் 8 அன்று வந்த புயலில் அங்கே 6,000 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றம் எதுவும் அத்தனை உயிர்களைக் கொண்டுபோனதில்லை. அதன் பிறகுதான் 17 அடி உயரக் கடற்சுவர் எழும்பியது. முதல் பகுதி 1904-இல் முடிந்தது, இன்று 10 மைல்களுக்கு நீள்கிறது. சுவரின் அடியில் இருக்கும் மணலைக் கடல் அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாறைத் தடுப்புகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நம் மீனவ ஊர்களில் தூண்டில் வளைவு என்று போடுகிறார்களே, அந்த வகை.

ஆபத்து அந்தப் பாறைகளின் ஓரத்தில் இருக்கிறது. கரையோரமாக ஓடிவரும் நீர் பாறையில் முட்டி, போக்கிடம் இல்லாமல் கடலை நோக்கித் திரும்பும். அந்த இழுப்பு மணலைத் தோண்டிப் பள்ளமாக்கியும் வைத்திருக்கும். பள்ளத்தின் மேல் அலை உடையாது என்பதால் பாறையோரத் தண்ணீர் பார்க்கச் சாதுவாகத் தெரியும். நீச்சல் தெரியாத குடும்பம், அலைக்குப் பயந்து, அந்தச் சாதுவான இடமாகப் பார்த்துத்தான் பிள்ளைகளை இறக்கும். அமெரிக்காவின் அலைக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் செய்யும் மீட்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் இப்படிப்பட்ட இழுப்பில் மாட்டியவர்களுக்காக நடப்பவை. கால்வெஸ்டனில் காவல் மேடைகளைப் பாறைகளை ஒட்டியே வைப்பதற்கு இதுதான் காரணம். மேடையில் இருப்பவர் தண்ணீரில் பாய்வதைவிட, இறங்கி நடந்து போய் விசில் ஊதி, "தள்ளிப் போய்க் குளியுங்கள்" என்று சொல்வதுதான் அதிகம். நாள் முழுக்க அதே வேலை, வெயிலில்.

அந்தக் கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஹூஸ்டன்காரர்கள். காலையில் காரில் ஐஸ் பெட்டியும் குடையும் ஏற்றிக்கொண்டு வந்து, மாலையில் மணலோடு திரும்புகிறவர்கள். உயிர்காப்பாளர்களின் சம்பளமோ பெரும்பகுதி தீவின் ஓட்டல்களில் இரவு தங்குகிறவர்கள் கட்டும் அறை வரியிலிருந்து வருகிறது. டெக்சஸில் கடற்கரை எல்லோருக்கும் திறந்தது என்று 1959-லிருந்தே சட்டம் உண்டு. அருமையான சட்டம், அதை நான் மனதார மதிக்கிறேன். அப்போது சில பூங்காக்களில் வண்டி நிறுத்தக் காசு வாங்கினார்கள், அவ்வளவுதான். ஆக, பகலில் வந்து குளிப்பவர் ஒருவர், அவருக்குக் காவல் இருப்பதற்குப் பணம் கட்டுபவர் இன்னொருவர். ஓட்டல் அறைகள் நிரம்பியிருக்கும் வரை இந்த ஏற்பாட்டை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

ஐக் 2008 செப்டம்பர் 13, சனிக்கிழமை, அதிகாலை இரண்டு மணி வாக்கில் கரையேறியது. காற்று மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர். கடற்சுவர் முன்பக்கத்து அலையைத் தாங்கிக்கொண்டது, ஆனால் தண்ணீர் பின்பக்கத்து விரிகுடாவிலிருந்து ஊருக்குள் ஏறிவிட்டது. கடலுக்குள் கால் ஊன்றி நின்ற பழைய பாலினீஸ் ரூம் கேளிக்கை விடுதி இருந்த இடம் தெரியாமல் போனது. குடியிருந்தவர்களைத் தீவுக்குள் திரும்ப விட்டது 24-ஆம் தேதிதான். உப்புநீரில் நின்ற ஓக் மரங்கள் அடுத்த வருடம் தளிர்க்கவே இல்லை, ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். ஊரில் அதிகம் பேருக்கு வேலை தந்திருந்த மருத்துவப் பல்கலைக்கழகம் ஆட்குறைப்பு செய்தது.

சனிக்கிழமை புயல். திங்கட்கிழமை, செப்டம்பர் 15, நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமையும் ஒரு புயல்தான். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் சொத்தில் சுமார் 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம். பெரும்பாலானவை அதற்கு மேல் போவதில்லை. சொத்து பங்குச்சந்தையில் இருக்கிறது. சந்தை விழுந்தால், அடுத்த ஆண்டு கொடுக்கும் தொகையும் விழும். எந்த ஆண்டில் அதிகம் கேட்க வேண்டியிருந்ததோ அந்த ஆண்டில் எல்லோரும் கையை இறுக்கிக்கொண்டார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாத ஒரு கணக்கும் இருந்தது. திறந்த ஓட்டல்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. கூரை போடுகிறவர்கள், காப்பீட்டு மதிப்பீட்டாளர்கள், அரசு அதிகாரிகள் என்று அறையே கிடைக்காது. "ஓட்டல் நிறைந்திருக்கிறதே, வரி வருமே, பிறகு எதற்கு நன்கொடை?" என்று என்னிடம் பலர் கேட்டார்கள், நியாயமாகத்தான். ஆனால் டெக்சஸில் ஒருவர் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அறை வரி கிடையாது. மத்திய அரசு ஊழியர் அரசு வேலையாகத் தங்கினாலும் கிடையாது. புயலுக்குப் பிறகு தங்குகிறவர்களில் இந்த இரண்டு வகையும் ஏராளம். அறை நிரம்பியிருக்கும், வரி அந்த அளவுக்கு வராது. 2009 கோடைக்கு எத்தனை மேடைகளில் ஆள் இருக்கும் என்று அந்தக் குளிர்காலத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் உயிர்காப்பாளர்களின் மேற்பார்வையாளர் ஒருவர் என்னைப் பொருள் கிடங்குக்குக் கூட்டிப் போனார். சேதப் பட்டியல் போட வேண்டியிருந்தது. நீச்சல் துடுப்புச் செருப்புகள் சேற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருந்தன. சிவப்பு மிதவைகளில் கயிறு மட்டும் இற்றுப்போயிருந்தது, உடம்பு நன்றாக இருந்தது. மணலில் ஓடும் நான்குசக்கர வண்டிகளின் என்ஜினைத் திறந்தால் உப்பு. ஒவ்வொன்றுக்கும் படம், வரிசை எண், வாங்கிய ரசீது வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை. ரசீது இருந்த அலமாரியும் தண்ணீருக்குள் இருந்ததுதான்.

சுவரோரமாக ஒரு கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுக் காகிதங்களைக் காய வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். மேடைகளின் நாள்குறிப்புத் தாள்கள். கட்டம் கட்டமாக நேரம், மேடை எண், பாறையிலிருந்து தள்ளிப் போகச் சொன்னவர்கள் எத்தனை பேர், மீட்டது எத்தனை, காணாமல் போய்க் கிடைத்த பிள்ளைகள் எத்தனை, ஜெல்லி மீன் கொட்டியது எத்தனை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் கையெழுத்து, மை கரைந்து ஊதாவாகப் பரவியிருந்தது. ஒரு தாளில் மீட்பு என்ற கட்டத்தில் சுழி. தள்ளிப் போகச் சொன்னது என்ற கட்டத்தில் கோடு கோடாக, ஐந்தைந்தாகக் கட்டிப் போட்டு, கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார் அந்தப் பிள்ளை.

"இதைத் தூக்கிப் போடலாம் என்று சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை" என்றார் மேற்பார்வையாளர்.

"தயவு செய்து ஒன்றைக்கூடப் போடாதீர்கள். என்னிடம் இருக்கும் சாட்சி இது மட்டும்தான்" என்றேன்.

பொருளுக்குப் பணம் கிடைக்கும் என்பதில் எனக்குக் கவலை இருக்கவில்லை. பேரிடர் அறிவிப்பு வந்தால் மத்திய அரசின் ஃபெமா, உடைந்த பொதுச்சொத்தைச் சரிசெய்ய ஆகும் செலவில் குறைந்தது 75 விழுக்காட்டைத் தரும். ஆனால் பெரும்பாலும் நீங்கள் முதலில் செலவு செய்து, காகிதம் கொடுத்து, காத்திருந்து வாங்க வேண்டும். இழந்த வருமானத்துக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை. வரி வருமானம் போன உள்ளூர் நிர்வாகங்களுக்கென்று தனியாக இருப்பது கடன். உடைந்த மேடையை அரசு திருப்பிக் கட்டித் தரும், அந்த மேடையில் உட்காருபவரின் சம்பளம் வந்துகொண்டிருந்த வரி வற்றிப் போனால் அதற்கு எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

தனியார் கொடையாளர்களும் இதே குணம்தான். ஒரு நிறுவனத்தின் நன்கொடைப் பிரிவில் இருந்த அம்மையார் உடனே சம்மதித்தார். புத்தம் புது மேடை ஒன்று, அதன் பக்கவாட்டில் நிறுவனத்தின் சின்னம், திறப்பு விழா. நான் அந்தப் பணத்தை இரண்டு பேரின் கோடைக்காலச் சம்பளமாகத் தரச் சொல்லிக் கேட்டேன். "சம்பளத்துக்கு நாங்கள் தருவதில்லை" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. மேடை இருபது வருடம் நிற்கும், சம்பளம் ஆகஸ்டு முடிந்தால் கரைந்துபோகும் என்று நினைக்கிறார்கள். இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு ஹூஸ்டன் தமிழர்கள் மனம் கொள்ளாத துக்கத்தோடு பணம் திரட்டி அனுப்பினோம். உலகம் முழுவதிலுமிருந்து போன பணம் பெரிதும் படகாகவே போய்ச் சேர்ந்தது. நாகப்பட்டினம் பக்கம் பல ஊர்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் கரையில் நின்றன, மீனோ அதே அளவு. படகு கண்ணுக்குத் தெரியும், அதில் பெயர் எழுதலாம். வலை பின்னுபவருக்கும் மீன் சுமந்து விற்கும் பெண்களுக்கும் அந்த மாதத்துச் செலவுக்குப் பணம் கொடுத்தால் எங்கே பெயர் எழுதுவது?

அதனால் நான் கேட்கும் முறையையே ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டியிருந்தது. மேடை தருகிறேன் என்பவரிடம் மேடையை வாங்கிக்கொள்வேன், கூடவே அந்த மேடைக்கு ஒரு கோடைக்கான ஆளும் சேர்ந்தால்தான் திறப்பு விழா என்று சொல்வேன். வாரம் ஏழு நாளும், பகல் எட்டு மணி நேரமும் ஒரு மேடையில் ஆள் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 56 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் பார்த்தால் மீதிக்கு இன்னொருவர். சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று ஆள், வண்டியில் சுற்றி வரும் மேற்பார்வையாளர், பயிற்சி நாட்கள். இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் கொடுப்பேன். ஆளில்லாத மேடை ஆபத்தானது என்றும் சொல்வேன். மேடையைப் பார்த்து, காவல் இருக்கிறது என்று நம்பி இறங்குகிறவர்கள் உண்டு.

சுகர் லேண்டில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தமிழ்க் குடும்பம், சங்க விழாக்களில் பார்த்துப் பழக்கம், மாமா என்றுதான் கூப்பிடுவேன். தாராளமாகக் கொடுக்கிறவர், ஆனால் கேள்வி கேட்காமல் கொடுக்கமாட்டார்.

"இது கவர்மென்ட் பண்ண வேண்டிய வேலைம்மா. நான் வருஷா வருஷம் சொத்து வரி கட்டுறேன். மறுபடி நன்கொடையும் நானே கொடுக்கணுமா?"

"மாமா, நீங்க கட்டுற வரி ஃபோர்ட் பெண்ட் கவுண்டிக்குப் போகுது. கால்வெஸ்டன் வேற கவுண்டி. அங்க நீங்க போனா ராத்திரி தங்குவீங்களா?"

"எதுக்குத் தங்கணும்? ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாமே."

"அப்ப அந்தக் கரையில உங்க பேரனுக்குக் காவல் இருந்தவங்களுக்கு நீங்க இதுவரைக்கும் ஒண்ணும் கட்டல, மாமா. அங்க தங்கினவங்கதான் கட்டினாங்க."

அவர் யோசித்தார். பிறகு தொழில்முறையாகக் கேட்டார்: "சரி, போன வருஷம் எத்தனை பேரைக் காப்பாத்தினாங்க? நம்பர் சொல்லு."

மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்க உயிர்காப்போர் சங்கத்தின் தரத்துக்கு உட்பட்ட காவல் உள்ள கடற்கரையில் ஒருவர் மூழ்கி இறக்கும் வாய்ப்பு ஒரு கோடியே 80 லட்சத்தில் ஒன்று என்று அந்தச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. அதைச் சொன்னேன். காய வைத்த தாள்களின் பிரதி ஒன்றையும் எடுத்து வைத்தேன். மீட்பு சுழியாக இருந்த நாள். "இந்த நாள்தான் நல்ல நாள், மாமா" என்றேன்.

அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடுக்களையிலிருந்து அத்தை வந்து மேசையோரம் நின்றார். "ஏங்க, அன்னைக்கு ஞாபகம் இருக்கா? சின்னவனைக் கூட்டிட்டுப் போனோமே. அந்தப் பாறை பக்கத்துல உட்கார்ந்தோம், கூட்டமே இல்ல, நல்லா இருந்துச்சு. ஒரு பொண்ணு வந்து விசில் அடிச்சு நம்மளைக் கிளப்பி விட்டா. உங்களுக்கு எவ்ளோ கோவம் வந்துச்சு! கார் வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தீங்க."

மாமா பேசவில்லை. தாளில் அந்தக் கோடுகளை விரலால் தொட்டு, "நாமளும் இதுல ஒரு கோடு" என்றார். சம்பளத்துக்கென்றே கொடுத்தார், பெயர் எங்கும் போட வேண்டாம் என்றார்.

அந்த மேசையில் நான் பெற்றது அவர் கொடுத்த காசோலையைவிடப் பெரியது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தச் சங்கக் கூட்டத்தில் பேசினாலும், முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "கால்வெஸ்டனில் உங்களைப் பார்த்து யாராவது விசில் ஊதியிருக்கிறார்களா?" கை தூக்காத வீடு அபூர்வம். எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது, பெரும்பாலும் எரிச்சலோடு சொல்லப்படும் கதை. பாறையின் பக்கத்தில் தண்ணீர் எப்படித் திரும்புகிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டுவேன். கதை சொன்னவரின் முகம் மாறும். எத்தனையோ முறை பார்த்தும் அந்த மாற்றம் எனக்கு அலுக்கவில்லை. நடக்காமல் போன ஒன்றை அவர்கள் அப்போதுதான் கண்ணால் பார்க்கிறார்கள்.

கால்வெஸ்டனில் பிறந்த லெராய் கொலம்போ என்ற உயிர்காப்பாளரைப் பற்றி ஏன் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதவில்லை என்று குழுவில் சிலர் கேட்டார்கள். 1905-இல் பிறந்தவர். சிறுவயதில் காய்ச்சலில் காது கேட்காமல் போனது. அதே கரையில் பல பத்தாண்டுகள் காவல் இருந்து 907 உயிர்களைக் காப்பாற்றியவர் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. 1974-இல் காலமானார். அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் தீவில் மரியாதை. எனக்கும் அவர் மேல் அளவற்ற மரியாதை உண்டு. ஆனாலும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அவரை வைக்க நான் ஒப்பவில்லை. 907 என்ற எண்ணைப் படித்தவர் அடுத்து எதைக் கேட்பார்? இந்த வருடம் எத்தனை என்பார். குறைவாக இருந்தால் தேவை குறைவு என்பார். நல்ல காவலின் பலன் அந்த எண் குறைவது. ஆகவே அவரைப் பற்றிப் பின்பக்கத்தில், தீவின் பரம்பரை என்று எழுதினேன். முன்பக்கத்தில் அந்த விசில் கோடுகள்.

நாட்காட்டி எங்களுக்கு எதிராகவே இருந்தது. புயலுக்கான கருணை முதல் சில வாரங்களில் பொங்கி அடங்கிவிடும். அதன் பிறகு வருமான வரிச் சலுகைக்காக டிசம்பர் 31-க்குள் ஒரு அலை வரும். அறக்கட்டளைகளின் நிர்வாகக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கடற்கரையிலோ மார்ச் மாதத்து வசந்த விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் வந்து குவிவார்கள், தண்ணீர் குளிராக இருக்கும்போதே. அதற்குள் புது உயிர்காப்பாளர்களைத் தேர்வு செய்ய வேண்டும். 500 மீட்டரை 10 நிமிடத்துக்குள் நீந்திக் காட்டுவது தேசிய அளவுகோல், அதற்கு மேல் முதலுதவி, பலகையில் துடுப்பு போடுவது, இழுப்பைப் படிப்பது என்று பயிற்சி. பிப்ரவரியில் சம்பளம் உறுதி என்று சொல்ல முடியாவிட்டால், நன்றாக நீந்துகிற பிள்ளைகள் ஹூஸ்டன் நீச்சல் குளங்களுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஜூனில் பணம் வந்து என்ன பயன்? ஆகவே என் முழு முயற்சியும் தொகையைப் பெருக்குவதைவிட, ஜனவரிக்குள் எழுத்தில் உறுதி வாங்குவதில்தான் இருந்தது. ஒரு பெரிய கொடையாளர் தருவதாகச் சொன்னதில் பாதி போதும் என்று சொல்லி, அதை முன்கூட்டியே வாங்கினேன். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

இன்னொன்று, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது. நன்கொடை வருகிறது என்று தெரிந்தால், பொது நிதியிலிருந்து வர வேண்டிய பங்கைக் குறைத்துவிடலாம் என்ற எண்ணம் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு எங்கும் வரும். அப்படி நடந்தால் நீங்கள் உயிர்காப்பாளர்களுக்குத் திரட்டவில்லை, வேறு எதற்கோ திரட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே காசோலையை ஒப்படைக்கும் முன், இது வழக்கமான ஒதுக்கீட்டின் மேல் சேருவது, அதற்குப் பதிலாக அல்ல என்று கையெழுத்து வாங்க வேண்டும். எந்த மாதத்துச் சம்பளம், எத்தனை மணி நேரம் என்று குறித்துக் கொடுக்கும் பணத்தை வேறு எதற்கும் செலவிட முடியாது. இதைக் கேட்கக் கூச்சப்படுகிற நல்ல உள்ளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூச்சப்படக் கூடாது. கொடுத்தவர் தன் பேரனின் உயிரை நினைத்துக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் வந்தது. நாங்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை, ஆனால் பாறைகளின் ஓரத்து மேடைகளுக்கு ஆள் போட முடிந்தது. எது முதலில் என்று முடிவு செய்ததில் எங்கள் பங்கு ஒன்றும் இல்லை, கரையை அறிந்தவர்கள் முடிவு செய்தார்கள். அந்தப் பருவம் அவர்களுக்குச் சாதாரணப் பருவமும் அல்ல. மணல் திட்டுகள் இடம் மாறியிருந்தன. தண்ணீருக்கு அடியில் உடைந்த தூண், ஆணி அடித்த பலகை, இரும்புக் கம்பி. காலையில் ஆள் வருமுன் இடுப்பளவு நீரில் வரிசையாக நடந்து, காலால் தடவித் தடவிப் பார்த்துக் குப்பையைத் தூக்கினார்கள். போன வருடம் எங்கே பள்ளம் இருந்தது என்ற அறிவு இந்த வருடம் உதவாது, ஒவ்வொரு பாறையையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. மே மாதக் கடைசியில், நினைவு நாள் விடுமுறைக்குக் கூட்டம் வந்தபோது நான் கரையில் இருந்தேன். கவனம் என்று சொல்லும் மஞ்சள் கொடி பறந்தது. மேடையிலிருந்து ஒரு பையன் இறங்கிப் போய் ஒரு குடும்பத்திடம் பேசினான், அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பாயைச் சுருட்டினார்கள். மேடைக்குத் திரும்பி அவன் தாளில் கோடு போட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கோட்டுக்காக எத்தனை வீடுகளின் படி ஏறியிருக்கிறோம்!

கோடை முடிந்ததும் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கணக்கு அனுப்பினேன். மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், அவரவர் பணம் எந்த மேடையில் எந்த வாரங்களுக்குச் சம்பளமானது, அந்த வாரங்களில் அங்கே எத்தனை பேரைப் பாறையிலிருந்து நகர்த்தினார்கள் என்று நாள்குறிப்பிலிருந்து எடுத்து எழுதினேன். அடுத்த ஆண்டு ஓட்டல் வரி மெல்லத் தலைதூக்கிய பிறகும் அவர்களில் பலர் நிறுத்தவில்லை. அந்தப் பணத்தைச் செலவிடாமல் தனியாக வைக்கச் சொன்னேன். அடுத்த புயலுக்கும் அடுத்த மார்ச்சுக்கும் நடுவில், வரியும் வராமல் அரசுப் பணமும் வராமல் கிடக்கும் மாதங்களுக்கு அது. இதற்கு ஒப்புக்கொள்ள வைப்பது முதல் முறை கேட்டதைவிடச் சிரமம். பெட்டியில் இருக்கும் பணத்தைப் பார்த்து, தேவை இல்லை போலிருக்கிறதே என்பார்கள். ஆண்டுதோறும் போய் விளக்க வேண்டும்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கரையேறி, பிறகு ஹூஸ்டனையே மூழ்கடித்தது. சில வாரம் கழித்து, தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அவர்களுடைய காவல் வண்டிகளும் மேடைகளும் போய்விட்டன, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டார். உங்கள் பருவம் எந்த வாரம் தொடங்குகிறது, சம்பளத்துக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள், நாள்குறிப்புத் தாள்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொன்னார். மூன்றாவதற்கு, ஒரு பெட்டி நனைந்து கிடக்கிறது, குப்பை வண்டி நாளைக்கு வருகிறது என்றார். இன்றைக்கே போய் அதை எடுத்து வையுங்கள், நான் சனிக்கிழமை புறப்பட்டு வருகிறேன் என்றேன்.